புது பிளாட்டில் விரிசலா, ஒழுகலா? 5 வருஷம் பில்டர்தான் பொறுப்பு... எது சேரும், எது சேராது?

"அஞ்சு வருஷம் வாரண்டி இருக்கு சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க!"

ஆவடி பக்கம் போனாலும் சரி, கூடுவாஞ்சேரி பக்கம் போனாலும் சரி, பிளாட் விற்பவர் சொல்லும் வசனம் இதுதான். சாவி வாங்கி, பால் காய்ச்சி, ஒரு ஐப்பசி மழை முடிந்ததும் பெட்ரூம் சுவரில் ஓதம் அடிக்கிறது. ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக ஒரு கோடு கிளம்புகிறது. போன் போட்டால், "அது ஹேர்லைன் கிராக் சார், எல்லா வீட்லயும் வரும்" என்கிறார் அதே ஆள். இன்னொரு தடவை போட்டால், "அது வாரண்டியில வராது" என்கிறார். மூன்றாவது தடவை போனையே எடுப்பதில்லை.

20 வருஷம் மாதத்தவணை கட்டப்போகிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல. அந்த 5 வருஷத்தை கொடுத்தது யார்? அதில் எது சேரும், எது சேராது? எந்த வீட்டுக்கு அது கைக்கு எட்டாது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

சலுகை அல்ல, சட்டம்

முதலில் ஒன்றை தெரிந்து கொள்ளுங்கள். இந்த 5 வருஷம் பில்டர் மனசு வந்து கொடுப்பது அல்ல. 2016-ம் ஆண்டு பாராளுமன்றத்தில் நிறைவேறிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு சட்டத்தில் (எல்லோரும் 'ரெரா' என்று சொல்வது இதைத்தான்) 14-வது பிரிவின் 3-வது உட்பிரிவில் இருக்கிறது. சட்டம் முழுமையாக 2017 மே 1-ந்தேதி அமலுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் தமிழக அரசும் இதற்கான விதிகளை வெளியிட்டது.

அந்த உட்பிரிவு சொல்வது இதுதான். வீட்டை ஒப்படைத்த தேதியில் இருந்து 5 வருஷத்துக்குள், கட்டிடத்தின் கட்டமைப்பில் குறையோ, வேலைப்பாட்டில் குறையோ, தரத்தில் குறையோ, செய்து தருவதாக ஒப்பந்தத்தில் சொன்ன வசதிகளில் குறையோ தெரிய வந்து, அதை வாங்கியவர் பில்டர் கவனத்துக்கு கொண்டு போனால், 30 நாளைக்குள் காசு வாங்காமல் சரி செய்து கொடுக்க வேண்டும். செய்யவில்லை என்றால் நஷ்டஈடு.

இதில்தான் பல பில்டர்கள் தந்திரம் செய்கிறார்கள். "ஸ்ட்ரக்சருக்கு மட்டும்தான் அஞ்சு வருஷம், மத்ததுக்கு ஒரு வருஷம்" என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருப்பார்கள். சட்டம் தூண், பீம், தளத்தை மட்டும் சொல்லவில்லை. வேலைப்பாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது. பூச்சு உதிர்ந்தால் அது வேலைப்பாடு. டைல்ஸ் ஒரே வருஷத்தில் கும்பலாக தூக்கிக்கொண்டால் அதுவும் வேலைப்பாடுதான். ஒப்பந்தம் ஒன்று சொல்லி சட்டம் வேறு சொன்னால், சட்டம்தான் மேலே நிற்கும். "ஒரு வருஷம்தான் சார் அக்ரிமெண்ட்ல" என்று சொன்னால் மலைத்துப்போக வேண்டாம்.

தேதி முக்கியம்

5 வருஷம் எண்ணத் தொடங்குவது பத்திரப்பதிவு தேதியில் இருந்து அல்ல. வீட்டை உங்கள் கையில் ஒப்படைத்த தேதியில் இருந்து. சாவி கொடுக்கும்போது ஒரு கடிதம் கொடுப்பார்கள். அதை பீரோவில் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். கடிதம் கொடுக்காவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள். நாலு வருஷம் பதினோரு மாதத்தில் தகராறு வந்தால் அந்த ஒரு காகிதம்தான் பேசும்.

5 வருஷத்துக்குள் குறையை தெரிவித்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. பில்டர் இழுத்தடித்து அதற்குள் 5 வருஷம் ஓடிப்போனால் உங்கள் உரிமை போகாது. ஆனால் தெரிவித்ததற்கு அத்தாட்சி வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது.

இரண்டாவது கையாக வாங்கியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. முதலில் வாங்கியவரிடம் இருந்து மூன்றாவது வருஷம் நீங்கள் வாங்கினால், மீதி இரண்டு வருஷம் உங்களுக்கு வரும். விலைக்கு வாங்கி பின்னால் வந்தவரையும் சட்டம் 'ஒதுக்கீடு பெற்றவர்' என்றே சொல்கிறது. வாடகைக்கு இருப்பவருக்கு இது கிடையாது. அவர் ஓனரைத்தான் பிடிக்க வேண்டும்.

எந்த விரிசல் எமன்?

எல்லா விரிசலும் ஒன்று அல்ல. பில்டர் 'ஹேர்லைன்' என்று சொல்வதில் பாதி சமயம் உண்மை இருக்கிறது. மீதி பாதியில்தான் ஆபத்து.

பூச்சு காயும்போது தலைமுடி மாதிரி சிலந்திவலை கோடுகள் வரும். இது மேல்தோல் சமாசாரம். பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் மறையும். அதே மாதிரி, கான்கிரீட் பீமும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் படுக்கை வாட்டில் ஒரு கோடு வரும். இரண்டும் வெயிலுக்கு வேறு வேறு மாதிரி விரிந்து சுருங்குவதால் வருவது. அந்த இடத்தில் கொத்தனார் கோழிவலை வைத்து பூசியிருந்தால் பெரும்பாலும் வந்திருக்காது. கூரை விழாது, ஆனால் இது வேலைப்பாட்டு குறை. கேட்டு வாங்கலாம்.

பயப்பட வேண்டியது வேறு. கதவு, ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக ஏறி, சுவரின் அந்தப்பக்கமும் தெரிகிற விரிசல். தூணிலோ பீமிலோ நேராக ஓடும் விரிசல். தளத்தின் அடியில் செம்பழுப்பு கறை தெரிந்து, கான்கிரீட் பொரிந்து விழுந்து, கம்பி பல்லை காட்டுவது. இதில் எதைப் பார்த்தாலும் பெயிண்டரை கூப்பிடாதீர்கள், என்ஜினீயரை கூப்பிடுங்கள்.

கம்பி ஏன் துருப்பிடிக்கிறது? கான்கிரீட் போடும்போது கம்பிக்கு வெளியே போதிய கனம் விட்டிருக்க வேண்டும். சாதாரண சூழலில் தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40 மில்லிமீட்டர் என்பது இந்திய தரநிலை. அதற்காகத்தான் கம்பிக்கு அடியில் 'கவர் பிளாக்' வைப்பார்கள். ஜல்லியை வைத்து சமாளித்தால் கம்பி தளத்தின் அடியிலேயே உட்கார்ந்துவிடும். இன்னொன்று உப்பு. உப்புத்தண்ணியில் கலவை போட்டாலோ, கழுவாத கடல் மணலை கலந்தாலோ குளோரைடு உள்ளே போகும். கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்கிறது தரநிலை. துரு பிடித்த கம்பி பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளி உடைக்கும். இதை வெளியில் இருந்து பூசி மறைக்கலாம், நிறுத்த முடியாது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. டெல்லி பக்கத்தில் உள்ள குருகிராமில் 2022 பிப்ரவரி 10-ந்தேதி, குடும்பங்கள் வசித்து வந்த ஒரு அடுக்குமாடி குடியிருப்பில் 6-வது மாடியில் தளம் இடிந்து, கீழே உள்ள தளங்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. 2 பெண்கள் பலியானார்கள். ஆய்வு செய்த டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள், கான்கிரீட்டில் இருந்த குளோரைடு கம்பியை அரித்ததை கண்டுபிடித்து சொன்னார்கள்.

சென்னையில் 2014 ஜூன் 28-ந்தேதி மவுலிவாக்கத்தில் 11 மாடி கட்டிடம் சரிந்து 61 பேர் பலியானதை யாரும் மறந்திருக்க முடியாது. அது கட்டி முடிக்கும் முன்பே விழுந்தது. செத்தவர்கள் பெரும்பாலும் பிழைப்பு தேடி வந்த கூலித்தொழிலாளர்கள்.

2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி.பார்க் அடுக்குமாடி குடியிருப்பில் கையால் தேய்த்தாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்த காட்சி டி.வி.யில் ஓடியது. அது அரசு கட்டிக்கொடுத்த வீடு. ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஆய்வுக்கு வந்தார்கள், என்ஜினீயர்கள் சஸ்பெண்டு ஆனார்கள். குடிவந்த கையோடு ஜனங்கள் சத்தம் போட்டதால்தான் இவ்வளவும் நடந்தது.

விரிசல் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று பார்க்க ஒரு பழைய வித்தை இருக்கிறது. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு தேதி எழுதுங்கள். நடுவில் ஒரு சின்ன கண்ணாடி துண்டை குறுக்காக வைத்து இரண்டு பக்கமும் சிமெண்டால் ஒட்டுங்கள். விரிசல் வாய் பிளந்தால் கண்ணாடி உடையும். ஒரு ரூபாய் காசை பக்கத்தில் வைத்து மாதம் ஒரு போட்டோ எடுங்கள். நாளைக்கு புகார் கொடுக்கும்போது இதெல்லாம் சாட்சி.

ஒழுகல்: யார் வீட்டு தண்ணி?

அடுக்குமாடியில் அடிதடி வரைக்கும் போகிற விஷயம் பாத்ரூம் ஒழுகல்தான். மேல் வீட்டு பாத்ரூமில் குளித்தால் கீழ் வீட்டு சீலிங்கில் சொட்டுகிறது. கீழ் வீட்டுக்காரர் மேல் வீட்டுக்காரரை திட்டுகிறார். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் சந்தோஷப்படுகிற ஆள் பில்டர்தான்.

நிஜத்தில் நடப்பது இதுதான். பாத்ரூம் தளத்தை கொஞ்சம் பள்ளமாக போட்டு, அதில் பைப்பை பதித்து, வாட்டர்புரூப் பூச்சு கொடுத்து, மேலே நிரப்பி டைல்ஸ் ஒட்டுவார்கள். அந்த பூச்சையோ பைப் இணைப்பையோ அவசரத்தில் செய்திருந்தால் தண்ணி பள்ளத்திலேயே தேங்கி, மெதுவாக கீழே இறங்கும். மேல் வீட்டுக்காரர் எதையும் தொடாமல் இருந்தால், 5 வருஷத்துக்குள் வருகிற இந்த ஒழுகல் பில்டர் கணக்கு. சந்தேகமே வேண்டாம்.

ஆனால் மேல் வீட்டு அம்மா பழைய டைல்ஸ் பிடிக்கவில்லை என்று உடைத்து புதுசு போட்டிருந்தாலோ, கீசருக்கும் வாஷிங் மிஷினுக்கும் புதிதாக லைன் இழுத்திருந்தாலோ கதை மாறிவிடும். "நீங்க உடைச்சீங்க, நாங்க பொறுப்பில்லை" என்று பில்டர் கையை விரிப்பார். அவர் பக்கமும் நியாயம் இருக்கும். எனவே வீட்டில் எதை உடைத்தாலும் முதல் 5 வருஷத்தில் உடைக்கும் முன் போட்டோ எடுத்துவிட்டு உடையுங்கள். ஏற்கனவே ஒழுகிக்கொண்டிருந்தால் முதலில் புகார் கடிதம், அப்புறம்தான் கடப்பாரை.

மொட்டை மாடி ஒழுகல் இன்னொரு ரகம். கடைசி மாடி வாங்கியவர் தன் பாடு என்று நினைக்கிறார். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. அசோசியேஷன் பேரிலேயே புகார் கொடுக்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் மாடியில் யாராவது டிஷ் ஆண்டெனாவுக்கு போல்ட் அடித்திருந்தாலோ, ஷீட் கொட்டகை போட தளத்தை துளைத்திருந்தாலோ, பில்டர் முதலில் அதைத்தான் விரல் நீட்டி காட்டுவார்.

ஒப்படைக்கும் முன்பே ஒரு பரீட்சை வைத்துவிடலாம். பாத்ரூம் ஓட்டையை துணியால் அடைத்து, தண்ணி கட்டி, 24 மணி நேரம் விட்டு கீழ் வீட்டு சீலிங்கை பார்க்கச் சொல்லுங்கள். மேஸ்திரிகளுக்கு இது தெரிந்த வேலைதான். காசு செலவில்லை.

எது சேராது?

லிப்ட், மோட்டார், ஜெனரேட்டர், குழாய், சுவிட்ச் போன்றவை கம்பெனி சாமான்கள். ஓடி ஓடி கெட்டுப்போனால் அந்தந்த கம்பெனி வாரண்டி கார்டு எவ்வளவு நாளோ அவ்வளவுதான். கார்டுகளையும் பில்களையும் பில்டர் அசோசியேஷனிடம் ஒப்படைக்க வேண்டும், மறக்காமல் கேளுங்கள். லிப்டுக்கு வருடாந்திர பராமரிப்பு ஒப்பந்தம் போடாமல் விட்டுவிட்டு, கெட்டதும் பில்டரை தேடினால் வேலைக்கு ஆகாது. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு பெயர் போட்டு, மலிவான வேறு கம்பெனி லிப்டை மாட்டியிருந்தால் அது பில்டர் தலைமேல்.

சாதாரண தேய்மானம் சேராது. பெயிண்ட் மங்கியது, கதவு மழைக்கு உப்பியது, குழாய் வாஷர் போனது எல்லாம் நம் செலவு. சுவரை இடித்து ஹாலை பெரிதாக்கியது, பால்கனியை மூடி ரூம் ஆக்கியது, ஏ.சி. பைப்புக்கு பீமை துளைத்தது, மொட்டை மாடியில் கூடுதலாக தண்ணி டேங்க் ஏற்றியது ஆகியவற்றால் வந்த பாதிப்பும் சேராது. பீமில் துளை போடுவது வாரண்டிக்கு மட்டும் அல்ல, உயிருக்கே வம்பு. ஏ.சி. மாட்ட வருகிற பையன் "சின்ன ஓட்டைதான்ணே" என்பான், விடாதீர்கள்.

வெள்ளம், புயல், பூகம்பத்தில் வந்த சேதத்தை பில்டர் தலையில் கட்ட முடியாது. அதற்கு இன்சூரன்ஸ்தான். எல்லா பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளிலும் 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டு பாலிசி இருக்கிறது. தீ, புயல், வெள்ளம் அதில் சேரும். பில்டர் மட்டமாக கட்டியது அதில் சேராது. வீட்டுக்கடன் கொடுக்கும்போது பாங்கியில் தலையில் கட்டுகிற பாலிசி பெரும்பாலும் கடன் வாங்கியவர் உயிருக்கானது. சுவருக்கு அல்ல. பலர் இதையும் வாரண்டியையும் போட்டு குழப்பிக்கொள்கிறார்கள்.

5 வருஷம் என்ற கணக்கே இல்லாத ஒரு குறையும் உண்டு. அது இடத்தின் உரிமையில் வரும் கோளாறு. கட்டிடம் நிற்கும் நிலம் பில்டருக்கு சொந்தமே இல்லை என்று பின்னால் யாராவது வழக்கு போட்டு, உங்களுக்கு நஷ்டம் வந்தால், 18-வது பிரிவுப்படி எத்தனை வருஷம் ஆனாலும் நஷ்டஈடு கேட்கலாம். காலாவதி ஆகிவிட்டது என்று சொல்லி தள்ள முடியாது.

சாவியோடு நீட்டும் காகிதம்

சாவி கொடுக்கும் அன்று, நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கும் அவசரத்தில், ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். "வீட்டை முழுமையாக பார்வையிட்டேன், திருப்தியாக உள்ளது, எந்த குறையும் இல்லை" என்று அச்சடித்து இருக்கும். கையெழுத்து போட்டால்தான் சாவி என்பார்கள். போட்டுவிட்டீர்கள் என்றாலும் சட்டம் கொடுத்த 5 வருஷம் அதனால் அழிந்துவிடாது. பின்னால் தெரிய வரும் குறைக்கு பில்டர் பதில் சொல்லியே ஆக வேண்டும். கண்ணுக்கு தெரிகிற குறையை அன்றைக்கே கையெழுத்துக்கு மேலே பேனாவால் எழுதிவிடுங்கள்: "ஹால் டைல்ஸ் நாலு உடைஞ்சிருக்கு, கிச்சன் கதவு மூடலை" என்று. எழுதியதை செல்போனில் ஒரு போட்டோ.

8 வீட்டு கட்டிடம்: உஷார்!

இனிமேல் சொல்வதுதான் நம்ம வாசகர்கள் முக்கியமாக படிக்க வேண்டியது.

500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில், 8 வீட்டுக்கு மேற்படாமல் கட்டினால் ரெராவில் பதிவு செய்ய வேண்டியது இல்லை என்று 3-வது பிரிவு விலக்கு கொடுக்கிறது. 500 சதுர மீட்டர் என்பது 5,382 சதுர அடி. அதாவது ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டு. கொரட்டூர், பம்மல், போரூர், மடிப்பாக்கம் என்று எந்த தெருவுக்குள் போனாலும் ஒரு கிரவுண்டில் நாலு வீடு, ஒன்றரை கிரவுண்டில் ஆறு வீடு கட்டி விற்பதை பார்க்கலாம். குறைந்த சம்பளக்காரர்கள் வாங்குவது பெரும்பாலும் இந்த வீடுகளைத்தான். சட்டத்தின் பாதுகாப்பு அதிகம் தேவைப்படுகிறவர்கள் வாங்கும் வீட்டைத்தான் சட்டம் வெளியில் நிறுத்தியிருக்கிறது. இது நமக்கு சரியாக படவில்லை. ஆனால் நிலைமை இதுதான்.

பதிவே இல்லாத இந்த மாதிரி கட்டிடத்துக்கு ரெராவில் புகார் கொண்டு போனால், "இது எங்கள் எல்லையில் வராது" என்ற வாதத்தோடுதான் எதிர்த்தரப்பு வரும். எனவே நீங்கள் செய்ய வேண்டியது, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கட்டுமான ஒப்பந்தத்தில் அந்த 5 வருஷத்தை எழுதி வாங்குவது. "ஒப்படைத்த தேதியில் இருந்து 5 வருஷத்துக்குள் வரும் கட்டமைப்பு, வேலைப்பாடு, தண்ணீர் கசிவு குறைகளை 30 நாளில் சொந்த செலவில் சரிசெய்து தருவேன்" என்று ஒரு வரி போதும். "எங்க அக்ரிமெண்ட்ல அதெல்லாம் கிடையாது" என்று சொல்கிற பில்டர், நாளைக்கு போனை எடுப்பாரா என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

பெரிய திட்டமாக இருந்தால் பதிவு எண் உண்டா என்று பாருங்கள். விளம்பரத்தில் பதிவு எண் போட்டே ஆக வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணை போட்டால் கட்டிடத்தின் விவரம் வரும். பதிவு எண் உள்ள திட்டத்தில், விற்பனை ஒப்பந்தத்தை பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பதும் சட்டம். விளம்பர நோட்டீசை குப்பையில் போடாதீர்கள். அதில் சொன்னதை நம்பி பணம் கட்டி ஏமாந்தால் நஷ்டஈடு கேட்க 12-வது பிரிவு இருக்கிறது.

சொந்த மனையில் மேஸ்திரி கட்டினால்...

கையில் அரை கிரவுண்டு இருக்கிறது, கான்ட்ராக்ட் விட்டு கட்டுகிறோம் என்றால் ரெரா கிடையாது. ஆனால் நுகர்வோர் கோர்ட்டு உண்டு. காசு வாங்கிக்கொண்டு வீடு கட்டிக்கொடுப்பதை நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 'சேவை' என்றே சொல்கிறது.

ஒரு சிக்கல். சிமெண்ட், கம்பி எல்லாம் நாம் வாங்கிக்கொடுத்து, லேபர் மட்டும் மேஸ்திரி என்றால், விரிசல் விட்டதும் "நீங்க வாங்கின சிமெண்ட் சரியில்லை" என்பார். மெட்டீரியலோடு விட்டாலும் சரி, லேபர் மட்டும் விட்டாலும் சரி, ஒரு முத்திரைத்தாளில் யார் எதற்கு பொறுப்பு என்று எழுதுங்கள். கடைசி பணத்தில் கொஞ்சத்தை ஒரு மழைக்காலம் முடியும் வரை நிறுத்தி வைத்துக்கொள்வதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பொதுப்பணித்துறை கான்ட்ராக்டிலேயே ஒரு பகுதி பணத்தை இப்படி பிடித்து வைக்கும் வழக்கம் இருக்கிறது. தனி ஆளும் செய்யலாம்.

வாட்டர்புரூப்பிங், கரையான் மருந்து கம்பெனிகள் கொடுக்கும் '10 வருட கேரண்டி' கார்டை திருப்பிப் பாருங்கள். பின்னால் பொடி எழுத்தில் 'மருந்து மட்டும், கூலி தனி' என்று இருக்கும். இல்லையென்றால் வருஷா வருஷம் அவர்களே வந்து பார்க்க பணம் கட்டியிருந்தால்தான் செல்லும் என்று இருக்கும்.

புகார் எப்படி கொடுப்பது?

முதல் வேலை கடிதம். வீட்டு எண், ஒப்படைத்த தேதி, என்ன குறை, எப்போது கண்டது, 30 நாளில் சரிசெய்ய வேண்டும் என்ற வாசகம் இருக்க வேண்டும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய் சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் இமெயிலிலும் அனுப்புங்கள். பில்டர் ஆளை அனுப்பி மேலே பூசிவிட்டு போனால், பூசியதற்கு முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். திரும்பவும் விரிசல் வந்தால் திரும்பவும் கடிதம் எழுதுங்கள். வருஷம் நாலு கடிதம் சேர்ந்தால் அதுவே பெரிய ஆதாரம்.

30 நாள் போயும் அசையவில்லை என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். சென்னை எழும்பூரில் இருக்கிறது. தமிழ்நாடு முழுமைக்கும் இதுதான். குறையை சரிசெய்ய உத்தரவு வேண்டும் என்றால் ஆணையத்திடம் 'எம்' படிவம். நஷ்டஈடு வேண்டும் என்றால் நியாயம் வழங்கும் அதிகாரியிடம் 'என்' படிவம். இரண்டையும் ஒன்றாக குழப்பினால் தேவையில்லாமல் நாள் போகும். வக்கீல் கட்டாயம் இல்லை, நேரில் நீங்களே ஆஜராகலாம். பெரிய விரிசல் விவகாரமாக இருந்தால் தகுதியுள்ள கட்டிட என்ஜினீயரிடம் ஒரு அறிக்கை வாங்கி இணைக்க வேண்டும். அதற்கு செலவு ஆகும். நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கினால் பாரம் குறையும்.

நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம். ரெரா இருப்பதால் நுகர்வோர் கோர்ட்டு கதவு மூடப்படவில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2020 நவம்பரில் தீர்ப்பு கூறியிருக்கிறது. வீட்டுக்காக கொடுத்த பணம் ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கட்டணம் பெரிசு இல்லை. ரூ.5 லட்சம் வரை ஒன்றும் இல்லை, ரூ.10 லட்சம் வரை 200 ரூபாய், ரூ.20 லட்சம் வரை 400 ரூபாய், ரூ.50 லட்சம் வரை ஆயிரம் ரூபாய். ஆனால் இங்கே காலக்கெடு வேறு. பிரச்சினை எழுந்ததில் இருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். வழி தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

உத்தரவு வாங்கியதோடு பணம் கைக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ரெரா உத்தரவை பில்டர் மதிக்காவிட்டால், நிலவரி பாக்கி வசூலிப்பதுபோல கலெக்டர் மூலம் வசூலிக்க வேண்டும். இது இழுக்கும். ஒரே ஆறுதல், பில்டர் அப்பீல் போவது அவ்வளவு சுலபம் இல்லை. உங்களுக்கு தரச்சொன்ன முழு தொகையையும், வட்டி நஷ்டஈட்டோடு சேர்த்து, மேல்முறையீட்டு தீர்ப்பாயத்தில் முதலில் கட்டினால்தான் அவர் மனுவையே எடுத்துக்கொள்வார்கள்.